நாயைக் குடிலுக்குள் சேர்த்தது குற்றமா? ஐடிடராட் பந்தயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கரேஜ், ஏப்ரல் 2022

மதிப்பிற்குரிய ஐடிடராட் பந்தயக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

அலாஸ்காவின் இந்த ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயம் முடிகிற நோமுக்கு முந்தைய கடலோரத்தில் போன மாதம் அடித்த காற்றைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காற்றில் மட்டும் ஆறு மஷர்கள் (நாய்வண்டி ஓட்டுபவர்கள்) பந்தயத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. அதே காற்றில் மாட்டிக்கொண்ட மில்லே போர்சில்ட், மிஷெல் பிலிப்ஸ், ரைலி டைக் மூன்று பேரும் வழியில் இருந்த குடில்களுக்குள் நாய்களைக் கூட்டிப்போய்க் காப்பாற்றினார்கள். அதற்கு நீங்கள் கொடுத்தது தண்டனை. போர்சில்ட் 14ஆம் இடத்திலிருந்து 17ஆம் இடத்துக்கு இறக்கப்பட்டார், பரிசுப் பணத்தில் 3,450 டாலர் போனது. பிலிப்ஸ் 17லிருந்து 18க்குப் போனார், அவருக்கு 1,000 டாலர் நஷ்டம். டைக்குக்குப் பக்கத்தில் வேறு அணி எதுவும் இல்லாததால் இடம் தப்பியது, ஆனால் 1,000 டாலர் அபராதம்.

வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று தண்டனைகளையும் ரத்து செய்யுங்கள். அடுத்த மார்ச் வருவதற்குள் அந்த விதியையும் திருத்துங்கள்.

நான் மஷர் இல்லை. பிழைப்புக்காக அலாஸ்கா வந்து, குளிர் பழகி, இந்த நாய்களிடம் மனதைப் பறிகொடுத்தவர்களில் ஒருவன். ஆங்கரேஜ் நான்காம் அவென்யூவில் தொடக்க நாள் அன்று அணிகளைக் கோட்டுவரை பிடித்துக்கொண்டு போகும் தன்னார்வலர்களில் நானும் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடித்த கைதான், ஆனால் அங்கே தேரை இழுக்கவேண்டும், இங்கே இழுத்துக்கொண்டு ஓடும் நாய்களைப் பின்னால் பிடித்து நிறுத்தவேண்டும், அத்தனை நாய்களும் ஒன்றாகத் துள்ளும்போது கயிற்றின் அதிர்வு தோள்பட்டை வரை ஏறும். குளிர்காலச் சனிக்கிழமைகளில் வில்லோ பக்கம் ஒரு நாய்ப் பண்ணைக்குப் போய்க் கஞ்சி ஊற்றுவது, வைக்கோல் மாற்றுவது என்று என்னால் ஆன வேலை.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டம் முடிந்து வந்ததும் அந்தப் பண்ணைக்காரம்மா தன் கையுறையைக் கழற்றிவிட்டு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பனியில் மண்டி போட்டு, ஒவ்வொரு நாயின் ஒவ்வொரு காலையும் மடியில் எடுத்து வைத்துத் துணிக் காலுறையைக் கழற்றுவார். கட்டைவிரலால் விரல் இடுக்கை விரித்து, பனிக்கட்டி அடைத்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, களிம்பு தடவி, அடுத்த கால். பதினான்கு நாய்க்கு ஐம்பத்தாறு கால். அவருக்குச் சாப்பாடு அதற்கப்புறம்தான். ஒருநாள் விளக்கின் பேட்டரி தீர்ந்துபோனபோது, கும்மிருட்டில் காலைத் தொட்டே "இது இன்னது, இது அவளுடைய தங்கை" என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நாய்களும் அப்படித்தான், அவர் கை பக்கத்தில் வந்தாலே அடுத்த காலைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும்.

ஆயிரம் மைல் ஓடவைப்பது சவுக்கோ கடிவாளமோ இல்லை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். வண்டியின் பின்னால் நிற்கிற ஆள் கையில் அப்படி எதுவும் கிடையாது. "ஜீ" என்றால் வலது, "ஹா" என்றால் இடது, மற்றதெல்லாம் குரல். முன்னால் ஓடும் லீட் நாய், கண்ணுக்கு எதுவும் தெரியாத வெள்ளைக்குள் அந்தக் குரலை நம்பித்தான் காலை வைக்கிறது. தனக்கு ஆகாத இடத்துக்கு இந்தக் குரல் கூட்டிப்போகாது என்கிற நம்பிக்கை அது. அதைக் குட்டியிலிருந்து வருஷக்கணக்கில் சேர்க்கவேண்டும், ஒரே ராத்திரியில் இழந்துவிடலாம்.

இனி அந்தக் காற்று. வெளியூர்க்காரர்கள் இது ஹஸ்கிதானே, குளிர் தாங்காதா என்று கேட்பார்கள். குளிர் தாங்கும். காற்றில்லாத மைனஸ் நாற்பதில் வைக்கோல் மேல் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு, மேலே விழுகிற பனியையே போர்வையாக்கிக்கொண்டு தூங்கும். ஆனால் டாப்காக் குன்றுக்கும் நோமுக்கு முந்தைய கடைசி செக்பாயின்டான சேஃப்டிக்கும் நடுவில் அடிக்கிற காற்று வேறு. தரையில் கிடக்கிற பனியை மணல் மாதிரி வாரி அடிக்கிறது, கண்ணில் அப்புகிறது, முடி குறைவான வயிற்றிலும் தொடை இடுக்கிலும் புகுந்து உடல் சூட்டில் உருகித் திரும்பவும் உறைகிறது. பந்தய நாய்களுக்குப் படத்தில் பார்க்கிற மாதிரி அடர்ந்த முடியும் கிடையாது. 2014இல் ஜெயிக்கிற நிலையில் முதலில் வந்துகொண்டிருந்த ஜெஃப் கிங்கின் அணியை அதே காற்று பாதையை விட்டே தள்ளியது, நான்கு முறை ஜெயித்த அந்த மனிதர் சேஃப்டியோடு விலகினார். அந்த இடத்தின் குணம் உங்களுக்குப் புதிதில்லை.

பனிக்குள் புதைந்தால் என்ன ஆகும் என்பதும் புதிதில்லை. டொராடோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2013, உனலக்லீட் செக்பாயின்ட். ஐந்து வயது நாய். உடம்பு பிடித்துக்கொண்டது என்று மஷர் அதைப் பந்தயத்திலிருந்து இறக்கி உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார், இனி ஓடவேண்டாம், விமானத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று. ராத்திரி காற்று அடித்தது. வெளியே கட்டிப்போட்டிருந்த நாய்களின் மேல் பனி குவிந்தது. காலையில் தோண்டிப் பார்த்தபோது டொராடோ மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தது. ஓடிக் களைத்துச் சாகவில்லை, நோயில் சாகவில்லை. உள்ளே எடுத்து வைத்திருந்தால் இருந்திருக்கும். அதற்கப்புறம் நீங்களே அங்கே நாய்களுக்குத் தங்குமிடம் அமைப்பதாகச் சொன்னீர்கள். ஆக, காற்றில் நாயை வெளியே விடக்கூடாது என்று உங்களுக்கே ஒரு சாவு சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து அதே பாடத்தை நடுவழியில், யாரும் சொல்லாமல், தாங்களாகவே கடைப்பிடித்த மூன்று பேருக்குத் தண்டனை என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் நாய்களுக்கு நல்லதைத்தான் செய்தார்கள், ஆனால் போட்டி பாதிக்கப்பட்டது என்பது உங்கள் பதில். அதையும் நான் தள்ளிவிடவில்லை. உள்ளே படுத்த நாய்க்கும் வெளியே படுத்த நாய்க்கும் கிடைத்த ஓய்வு ஒன்றில்லைதான், பின்னால் வந்தவர்களின் உழைப்பும் உழைப்புதான். ஆனால் குடிலுக்குள் இருந்த நேரம் முழுக்கக் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது? நின்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர்கள் தங்கள் கணக்கிலிருந்துதான் கொடுத்தார்கள். அப்படியும் போர்சில்ட் 14ஆவதாகத்தான் வந்தார் என்றால், அந்த இடம் அவருடையது.

போட்டியை நிறுத்தி வைக்கிற விதி உங்களிடம் இல்லாமலும் இல்லை. பாதையில் மூஸ் என்கிற பெரிய காட்டு மான் குறுக்கே வந்து தாக்கினால் மஷர் தற்காப்புக்காகச் சுடலாம். சுட்டால் குடலை எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். பின்னால் வருகிறவர்கள் முடிந்தவரை கூட நின்று உதவவேண்டும், அந்த வேலை முடிந்து சுட்டவர் கிளம்பும்வரை யாரும் அவரைத் தாண்டிப் போகக்கூடாது. நல்ல விதி, இறைச்சி வீணாகக் கூடாது என்கிற இந்த மண்ணின் மரியாதை அதில் இருக்கிறது, அதை நான் மனதாரப் போற்றுகிறேன். செத்த மூஸுக்காகப் பந்தயமே நிற்கும். உயிரோடு இருக்கிற நாய்களுக்காக இரண்டு பெண்கள் கதவைத் திறந்தால் மூன்று இடம், ஒரு இடம் என்று பறிபோகும். இதை எந்தக் குழந்தைக்காவது உங்களால் விளக்க முடியுமா?

என் அம்மாவுக்கு என்னால் முடியவில்லை. வேதாரண்யத்தில் இருக்கிறார். நான் ஜிபிஎஸ் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான்கைந்து வருஷமாக அவரும் இந்தப் பந்தயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். செய்தியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "புயலுக்கு நாய உள்ள சேத்ததுக்கா அபராதம்?" என்றார். 2018இல் கஜா புயல் அடித்த ராத்திரி இரண்டு ஆட்டையும் கன்றுக்குட்டியையும் கூடத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு மூலையில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் அவர். தென்னை அத்தனையும் சாய்ந்தது, ஓடு பறந்தது, ஆடும் கன்றும் பிழைத்தன. அவர் கேட்ட கேள்விக்கு நான் உங்கள் விதிப்புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன்: மருத்துவப் பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ தவிர நாய்களைக் கூரைக்குள் கொண்டுபோகக்கூடாது, முடிந்ததும் வெளியே விட்டுவிடவேண்டும். அதில் புயல் என்ற வார்த்தையே இல்லை. அலாஸ்காவில், மார்ச்சில், பெரிங் கடலோரம் ஓடுகிற பந்தயத்தின் விதியில் புயலுக்கு இடமில்லை.

விதி கல்லில் வெட்டியது இல்லை, நீங்களே எத்தனையோ மாற்றியிருக்கிறீர்கள். பனி போதவில்லை என்று 2003, 2015, 2017இல் தொடக்கத்தையே ஃபேர்பேங்க்ஸுக்குக் கொண்டுபோனீர்கள். அணிக்குப் பதினாறு நாய் என்றிருந்ததைப் பதினான்காகக் குறைத்தீர்கள். 2021இல் கொரோனாவுக்காக நோமுக்கே போகாமல் பாதி வழியில் திரும்பி வந்தது பந்தயம். ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், நாய்களைக் கொடுமைப்படுத்துகிறோம் என்று வெளியே கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லி எங்களுக்குத் தொண்டை வறள்கிறது. வேலை செய்யும் இடத்தில், கடையில், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் என்று, மஷருக்கும் நாய்க்கும் உள்ள உறவு என்னவென்று எத்தனை பேரிடம் எடுத்துச் சொல்லியிருப்பேன்! அந்த உறவுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குக் கிடைக்காது. அந்தச் சாட்சியைத்தான் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எனக்கு இதில் வருகிற கோபத்தை மறைக்கப்போவதில்லை.

பந்தயத்தின் ஆத்மா என்று நாம் எல்லோரும் சொல்லுகிற 1925ஆம் வருஷத்து ஓட்டம், நெனானாவிலிருந்து நோமுக்கு 674 மைல் டிப்தீரியா மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தது, அதுவும் கடைசியில் இதே கடலோரம்தான். குன்னர் காசனின் வண்டியைக் காற்று புரட்டிப்போட்டு, மருந்துப் பொதி பனிக்குள் விழுந்து, அவர் வெறுங்கையால் துழாவி எடுத்ததும் இங்கேதான். நோர்ட்டன் சவுண்டைத் தன் லீட் நாய் டோகோவோடு கடந்த லியோன்ஹார்ட் செப்பாலாவின் பெயரில், நாய்களை நன்றாகப் பார்த்துக்கொண்ட மஷருக்கு வருஷா வருஷம் விருது கொடுக்கிறீர்கள். அந்த விருதின் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. அதனால்தான் சொல்கிறேன், அந்த ராத்திரி குடில் கதவைத் திறந்தவர்களின் பெயர் அபராதப் பட்டியலில் இருப்பதைப் பார்க்க மனது பொறுக்கவில்லை.

கொஞ்சம் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். போர்சில்டுக்கு அவருடைய 14ஆம் இடத்தையும் பிலிப்ஸுக்கு அவருடைய 17ஆம் இடத்தையும் அவரவர் பணத்தோடு திருப்பிக் கொடுங்கள். பின்னால் வந்தவர்களுக்கு இப்போது கிடைத்திருப்பதைப் பிடுங்கவேண்டாம், அந்த வித்தியாசத்தைக் குழுவே ஏற்றுக்கொள்ளட்டும். டைக்கின் 1,000 டாலரைத் திருப்பிக் கொடுங்கள். விதியில் ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: உயிருக்கு ஆபத்தான வானிலையில் மஷர் தன் நாய்களைக் கூரைக்குள் கொண்டுபோகலாம், அடுத்த செக்பாயின்டில் அதைத் தெரிவித்தால் போதும். யாராவது அதைத் தவறாகப் பயன்படுத்தினால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கும், அப்போது விசாரியுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

அடுத்த வருஷமும் தொடக்க நாளில் கயிறு பிடிக்க வருவேன். அதற்குள் அந்த வாக்கியம் விதிப்புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் அவென்யூவில் உங்களுக்காகக் கயிறு பிடித்தவர்களில் ஒருவன்