இயற்கை நடைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கொலம்பஸ் வட்டாரத் தமிழர்களின் நம் இயற்கை நடைக் குழு இந்த ஆண்டும் மாதாந்திர நடைகளை நடத்தியது. பனிக்காலத்தில் கூட்டம் குறைந்தது. மே மாதம் வார்ப்ளர் குருவிகள் வந்திறங்கியதும் நம்மவர்களும் வந்துவிட்டார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, சென்ற பொதுக்குழுவில் நாம் தேர்ந்தெடுத்த ஆண்டுப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அது பயணிப் புறா.

நாம் வாழும் இந்த ஒஹாயோ, அந்தப் புறாவின் சொந்த ஊர்களில் ஒன்று. ஐரோப்பியர்கள் வந்த காலத்தில் வட அமெரிக்காவில் 300 கோடி முதல் 500 கோடி வரை பயணிப் புறாக்கள் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. 1810 வாக்கில் கென்டக்கியில் தன் தலைக்கு மேல் பறந்த ஒரே கூட்டத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் இருக்கும் என்று பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் கணக்கிட்டார். 1813இல் ஓவியர் ஆடுபான், நண்பகல் வெளிச்சமே கிரகணம் பிடித்ததுபோல மங்கியதாகவும், புறாக்கள் மூன்று நாள் விடாமல் பறந்ததாகவும் எழுதி வைத்தார். நூறே ஆண்டுகளில் அந்த இனத்தில் ஒரு பறவைகூட மிச்சமில்லை.

செப்டம்பரில் சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலைக்குப் போனோம். 1914 செப்டம்பர் 1ஆம் தேதி, உலகின் கடைசிப் பயணிப் புறாவான மார்த்தா அங்கேதான் இறந்தது. அதன் துணையாக இருந்த கடைசி ஆண் புறா 1910இலேயே போய்விட்டது. வேறு ஜோடி கொண்டுவந்து தருபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தும் யாராலும் கொண்டுவர முடியவில்லை. மார்த்தாவின் உடலைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்து, ரயிலில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பழைய பறவைக் கூடங்களில் ஒன்றை இன்று நினைவிடமாகக் காக்கிறார்கள். கரோலினா கிளியின் கடைசிப் பறவையான இன்காஸ் 1918இல் இறந்ததும் அதே விலங்குக்காட்சி சாலையில்தான். இரண்டு இனங்களின் முடிவை நாலு ஆண்டு இடைவெளியில் பார்த்த இடம் என்று தெரிந்ததும், அதுவரை ஓடி விளையாடிய பிள்ளைகள்கூட நின்று பலகையைப் படித்தார்கள்.

அங்கே எழுந்த ஒரு கேள்வியைப் பதிவு செய்ய வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் அம்மா கேட்டார்: "அத்தனை கோடி இருந்துச்சே, ரெண்டு ரெண்டு முட்டையா விட்டு மறுபடி பெருகியிருக்கக் கூடாதா?" நம் வீட்டுப் புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். பயணிப் புறா இட்டது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கூட்டத்தின் பெருக்கமே அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. லட்சக்கணக்கில் ஒரே காட்டில் கூடு கட்டும்போது பருந்தும் நரியும் தின்றுத் தீர்க்க முடியாது. கூட்டம் சிறுத்த பிறகு அந்தக் காப்பு போய்விட்டது. ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருந்தபோதே இனம் அழிவின் பாதையில் இறங்கிவிட்டது.

சிறுக்கச் செய்தவர்கள் மனிதர்கள். அதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. புறாக்கள் எந்தக் காட்டில் இறங்கின என்பதைத் தந்தி சொன்னது. வேட்டைக்காரர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், பீப்பாய் பீப்பாயாக இறைச்சியை நகரங்களுக்கு ஏற்றி வந்ததும் ரயில். வலை வீசினார்கள், மரத்தடியில் கந்தகம் கொளுத்தினார்கள், பறக்கத் தெரியாத குஞ்சுகளைக் கழிகளால் தட்டி விழுத்தினார்கள். 1878இல் மிச்சிகனின் பெடோஸ்கியில் நாளுக்கு 50,000 பறவைகள் வீதம், ஏறக்குறைய ஐந்து மாதம் கொன்றதாகக் குறிப்புகள் சொல்கின்றன. கூடு கட்டும் பருவத்திலேயே இத்தனையும் நடந்ததால் அடுத்த தலைமுறையே வளரவில்லை. அதே காலத்தில், அவற்றுக்கு இரையான கொட்டைகளைத் தந்த ஓக், பீச் மரக்காடுகளும் விளைநிலங்களாகிக்கொண்டிருந்தன.

நம் மாநிலத்தின் பங்கும் இதில் இருக்கிறது. 1857இல் பயணிப் புறாவைக் காக்க ஒரு மசோதா ஒஹாயோ செனட்டுக்கு வந்தது. ஆராய்ந்த குழு, இந்தப் புறாவுக்குப் பாதுகாப்பே தேவையில்லை, அது வியக்கத்தக்க வகையில் பெருகும் இனம் என்று அறிக்கை கொடுத்தது. 43 ஆண்டுகள் கழித்து, 1900 மார்ச்சில், இதே மாநிலத்தின் பைக் கவுண்டியில் ஒரு சிறுவன் சுட்டது காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பயணிப் புறாக்களில் ஒன்று. அதன் உடலைப் பாடம் செய்தபோது கண்ணுக்குப் பதில் பொத்தான் வைத்ததால் அதற்கு 'பட்டன்ஸ்' என்றே பெயர். நம் கொலம்பஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வேட்டை மிருகங்களையும் பறவைகளையும் மாநில எல்லை தாண்டிக் கடத்துவதைத் தடுக்கும் லேசி சட்டமும் அதே 1900இல்தான் வந்தது. மற்ற பறவைகளுக்குப் பயன்பட்டது, புறாவுக்கு எட்டவில்லை. அந்த 1857 அறிக்கையை எழுதியவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. கண் முன்னால் கோடிக்கணக்கில் பறந்ததைப் பார்த்தே எழுதினார்கள். என்னை மிகவும் தொந்தரவு செய்வது அதுதான்.

ஜூலையில் இதே பேச்சு நம் ஊர்ப் பக்கமும் போனது. வெண்முதுகுப் பாறு கழுகு ஒரு காலத்தில் இந்தியாவில் எங்கும் சாதாரணமாகக் கண்ணில் படும் பறவை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் அந்த இனத்தின் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று மாயாறு பள்ளத்தாக்கில்தான் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. இவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, எனவே செய்ய வேலை இருக்கிறது.

இங்கேயும் இருக்கிறது. 1970லிருந்து வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. இழப்பில் பெரும்பகுதி அரிய இனங்களில் இல்லை, நாம் திரும்பிப் பார்க்காத சிட்டுகளிலும் கரும்பறவைகளிலும்தான். சரி, நாம் என்ன செய்தோம்? நாம் கூடும் சமுதாயக் கூடத்தின் கண்ணாடி ஜன்னல்களில் பறவைகள் மோதாதிருக்கப் புள்ளி ஒட்டினோம். ஒட்டிய பக்கம் அதன் பிறகு ஒரு பறவையும் விழுந்து கிடக்கவில்லை. மேற்குப் பக்க ஜன்னல்கள் பாக்கி. அப்புறம், சிறுவர் அணி தங்கள் தோட்டத்துக்கு வரும் சாதாரணப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறது. கணக்கில் முதலிடம் மோர்னிங் டவ் புறாவுக்கு. பயணிப் புறாவைப் போலவே நீண்ட வாலும் சிறு தலையும் கொண்ட, அளவில் சிறிய பறவை.

நடைகளுக்கு வழிகாட்டியவர்களுக்கும், வண்டி ஓட்டியவர்களுக்கும், புளியோதரை கட்டித் தந்த வீடுகளுக்கும் செயற்குழுவின் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன்: மேற்குப் பக்க ஜன்னல்களுக்கும் புள்ளி ஒட்டுவது, டிசம்பர் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் குழுவாகக் கலந்துகொள்வது, நம் கணக்கெடுப்பில் காக்கை, குருவி, புறா எதையும் 'இது சாதாரணம்' என்று விட்டுவிடாமல் எண்ணிக்கையோடு எழுதுவது. பொதுக்குழு விவாதித்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்