பச்சைக் குழையால் எத்தனை நாள் தீயணைப்பது? – வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வனத்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டத்தில் ஒரு மலையடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். காப்புக்காட்டின் எல்லைக்கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. எந்த மலை, எந்தச் சரகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், தீ ஏன் அத்தனை நாள் எரிந்தது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே நடந்ததை வெளியில் சொன்ன வாச்சர் யார் என்ற விசாரணை நடந்து முடிந்துவிடும். அந்தப் பையன்களுக்கு இருக்கிற தொல்லை போதும்.

போன பங்குனியில் எங்கள் மலை எரிந்தது உங்களுக்குத் தெரியும். எத்தனை ஹெக்டேர், எந்தத் தேதியில் கட்டுக்குள் வந்தது என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். கோப்பில் இருக்காத ஒன்றைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

தீ தெரிந்த அன்று சாயங்காலம் எங்கள் தோப்புப் பக்கம் வந்தவர்கள் ஒரு வனக்காப்பாளரும் (கார்டு என்போம்), தற்காலிக தீக்காவலர்களாக எடுத்திருந்த நாலைந்து பையன்களும். எல்லாரும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான். வந்ததும் மலையில் ஏறவில்லை. எங்கள் வேலியோரத்தில் நின்ற புங்க மரத்தில் ஏறிக் குழை ஒடித்தார்கள். தீயை அடிக்கப் பச்சைக்குழை வேண்டும். பங்குனியில் மலைமேல் பச்சை எங்கே இருக்கிறது? அதனால் ஆட்டுக்குக் கொண்டுபோவதுபோல் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். நாலு அடி அடித்தால் இலை சுருண்டுவிடும், பத்து அடியில் வெறும் குச்சிதான் மிஞ்சும். அப்புறம் மறுபடி ஒருவன் கீழே இறங்கி வந்து குழை ஒடித்துக்கொண்டு போக வேண்டும். இரவெல்லாம் அதற்கென்றே ஒருவன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

அவன் காலில் கிடந்தது ரப்பர் செருப்பு. விடியற்காலையில் இறங்கி வந்தபோது பார்த்தேன். அடிப்பாகம் இளகி, கரியும் பொடிக்கல்லும் அதில் அப்பிக்கிடந்தன. மோட்டார் ரூமில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கீழே வைக்காமல் குடித்தான்.

"பூட்ஸ் எல்லாம் குடுக்க மாட்டாங்களாப்பா?" என்றேன்.

"பர்மனென்ட் ஆளுகளுக்குத்தாண்ணே. நாங்க டெம்பரவரி."

"சம்பளமாவது ஒழுங்கா வருதா?"

"தையில சேந்தோம். ஒரு மாசத்துக்குப் போட்டாங்க. பாக்கி பில்லு மேல போயிருக்காம்ணே. வரும்னுதான் சொல்றாங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமே இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மேலே போன அந்தப் பில் எங்கே நின்றது, எந்த மேசையில் தங்கியது என்பதைத் தாங்கள்தான் அறிவீர்கள். மலைமேல் போனவன் குழைக்காக ஒரே இரவில் பலமுறை இறங்கி வந்துவிட்டான். பில் மட்டும் இறங்கி வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டுபிடித்துக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம் என்பதால், கல்லூரியில் படிக்கும் என் மகன் பதிந்து வைத்திருந்தான். தீ பிடித்ததும் செய்தி வந்துவிட்டது, அட்சரேகை தீர்க்கரேகையோடு. அருமையான ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். வானத்திலிருந்து பார்க்க ஆள் இருக்கிறது. பக்கத்திலிருந்து அணைக்கத்தான் புங்கங்குழை. சரக அலுவலகத்தில் சருகு ஊதித் தள்ளும் ப்ளோயர் ஒன்று இருக்கிறதாம், அது ரிப்பேரில் இருந்ததாம்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. மாசி பிறப்பதற்குள் தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாதபடி புல்லை நீக்கி வெறுந்தரையாக விடும் பட்டைகளை, வெட்டி முடியுங்கள். தீக்காவலுக்கு எடுக்கிற பையன்களுக்கு அந்தந்த மாதச் சம்பளத்தை அந்தந்த மாதமே கொடுங்கள்.

ஏன் மாசிக்குள் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் மலையில் புல் ஆளுயரத்துக்கு வந்துவிடுகிறது. மார்கழிப் பனி இருக்கிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. தை கழிந்து வெயில் ஏறினால் ஒரு பீடித்துண்டு போதும். முன்கூட்டியே வெட்டினால் புல் மறுபடி தழைத்துவிடும், தாமதித்தால் வெட்டிப் புண்ணியமில்லை. தை மாதம்தான் அதற்குச் சரியான பருவம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும், உங்கள் செயல்திட்டப் புத்தகத்திலும் கட்டாயம் இருக்கும். போன வருடம் கோடு வெட்ட ஆள் வந்தது எப்போது தெரியுமா? தீ எரிந்து முடிந்த பிறகு. வெட்டுவதற்குப் புல் இல்லை, கரிதான் கிடந்தது. வேலை சுலபமாக முடிந்திருக்கும். அதற்கான பில்லாவது சீக்கிரம் பாஸானதா என்று அறிய ஆவல்.

தரையோடு ஓடுகிற தீதானே, பெரிய மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஓர் அலுவலர் எங்களிடம் ஆறுதல் சொன்னார். மரம் நிற்கிறது, உண்மைதான். அதன் காலடியில் முளைத்த கன்றுகள் போய்விட்டன. வருடம் தவறாமல் எரிகிற சரிவில் பெரிய மரமும் கரட்டுப் புல்லும் இருக்கும், நடுவில் ஒரு தலைமுறை மரமே இருக்காது. கவுதாரியும் காடையும் தரையில்தான் முட்டையிடுகின்றன. ஆமையால் ஓட முடியாது. அலங்கு என்கிற எறும்புதின்னி ஆபத்தென்றால் சுருண்டு படுத்துக்கொள்ளும், அது நாய் நரிக்குத்தான் சரி, தீக்குச் சரிப்படாது. தீ போன பிறகு முதலில் துளிர்ப்பது அயல் களையான உண்ணிச்செடி. மேலே கருகினாலும் வேரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாக எழும்பி, அடுத்த வருடத் தீக்கு விறகாகக் காத்திருக்கிறது. அரசு 2022-இல் அயல் களைத்தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டதைப் படித்தேன். எங்கள் மலையில் அந்தக் கொள்கையை உண்ணிச்செடி இன்னும் படிக்கவில்லை.

புல் இல்லாத மலையில் ஐப்பசி மழை நிற்காது. மண்ணும் சாம்பலுமாக இறங்கி எங்கள் கண்மாயில் வந்து படுக்கிறது. பிறகு கண்மாய் மேடாகிவிட்டது, தூர்வார வேண்டும் என்று இன்னொரு துறைக்கு மனு எழுதுவோம். காட்டில் தீனியில்லாமல் மாடும் பன்றியும் கீழே இறங்கும். கடலையையும் மக்காச்சோளத்தையும் பன்றி உழுதுவிட்டுப் போனால் அதற்கும் ஒரு மனு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறை சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் கூடாது என்று 2025 தொடக்கத்தில் அரசு சொல்லியது. எங்கள் பன்றிகள் சட்டம் தெரிந்தவை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வருவதே இல்லை. வந்த வேலை அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

சரி, பன்றியை விடுங்கள். தீக்கு வருகிறேன்.

தீ வைப்பது யார், உங்கள் ஊர்க்காரர்கள்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். பாதிக்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன். எரித்தால் மழைக்குப் பிறகு புதுப்புல் நன்றாக முளைக்கும் என்று மாட்டுக்காரர் வைப்பதுண்டு. தேனெடுக்கப் போனவர் புகைபோட்டுவிட்டு அணைக்காமல் வருவதுண்டு. மலைக்கோயிலுக்குப் போகிறவர் பாறையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று திரும்பிவிடுவதுண்டு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். ஆனால் அந்த மாட்டுக்காரர் யார், எந்தப் பாதையில் போவார், யார் சொன்னால் கேட்பார் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. செருப்பு உருகிப்போன அந்தப் பையனுக்குத் தெரியும். அவன் சொன்னால் கேட்பார், ஏனென்றால் அவருக்கு அவன் மருமகன் முறை. இப்படிப்பட்ட ஆளை நான்கு மாதத்துக்கு எடுத்து, இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் வைத்திருந்து, அடுத்த வருடம் வேறு ஆளைத் தேடுகிறீர்கள். இந்தத் தையில் அவன் வரமாட்டானாம். திருப்பூருக்குப் போகப்போவதாகச் சொல்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குரங்கணியை நான் நினைவூட்டத் தேவையில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி பக்கத்துத் தேனி மாவட்டத்தில் காய்ந்த புல்லில் ஓடிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு வந்தது. வழிகாட்டி உண்டு, தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறீர்கள், எல்லாம் சரியான நடவடிக்கை. சுற்றுலா வருகிறவர் ஏறக்கூடாது என்று நீங்கள் மூடுகிற அதே மாதத்தில்தான் எங்கள் பையன்கள் ரப்பர் செருப்போடு ஏறுகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு விதி எழுதக்கூடாதா?

பெயர் வைத்த காட்டுக்குக் கிடைக்கிற கவனம் பெயரில்லாத காட்டுக்குக் கிடைப்பதில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம் ஆனது. எங்கள் மாவட்டத்துச் சாப்டூர்க் காடும் அதில் சேர்ந்தது. வைகை பிறக்கிற மலையைக் காக்க வேண்டாமென்று எவன் சொல்வான்? 2022-இல் கடவூர்க் காடு தேவாங்குச் சரணாலயம் ஆனது. அதே வருடம் அரிட்டாபட்டி மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்தப் பெயர் இருந்ததும், மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் தெருவில் இறங்கியதும் சேர்ந்துதான் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. பெயருக்கு வலு இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் மலையிலும் தேவாங்கு உண்டு, காட்டுமாடு உண்டு, வல்லூறு உண்டு. புலி மட்டும் இல்லை. புலி இல்லாத குறையை எங்களால் தீர்க்க முடியாது, மன்னியுங்கள். ஆனால் தீ, இது காப்பகமா வெறும் காப்புக்காடா என்று பலகையைப் படித்துவிட்டு எரிவதில்லை.

பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. 'காட்டுத்தீயைத் தடுப்போம்' என்று அடிவாரத்தில் புதிதாக ஒரு வளைவும், பக்கத்தில் வாய் பிளந்த புலிச் சிலையும் வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து புலியோடு படம் எடுத்து, குரங்குக்குச் சிப்ஸ் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிலைக்கு ஆன செலவில் எத்தனை ஜோடி பூட்ஸ் வாங்கியிருக்கலாம் என்று ஊரில் ஒரு கணக்கு ஓடுகிறது. கணக்கை இங்கே எழுதவில்லை, மரியாதை கெட்டுவிடும்.

நிரந்தர ஊழியர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த இரவு பையன்களோடு ஏறிய கார்டு ஐம்பதைத் தாண்டியவர். கண்ணெல்லாம் சிவந்து, இருமிக்கொண்டே இறங்கி வந்தார். பக்கத்துக் காவல் பகுதிக்கும் (பீட்) ஆள் இல்லாமல் அதையும் அவர்தான் பார்க்கிறாராம். 'எரிஞ்சா மெமோ எனக்குத்தான் சார் வரும்' என்று என்னிடம் சொன்னார். அவருக்கு மெமோ வந்ததா இல்லையா, தெரியாது. தை மாதம் கோடு வெட்டப் பணம் வந்து சேராததற்கு யாருக்காவது மெமோ போனதா?

எழுத எழுதக் கோபம் வருகிறது. நான் எழுத உட்கார்ந்தது கேட்பதற்காக. ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். மாசி பிறப்பதற்குள் கோடு. அந்தந்த மாதம் சம்பளம். இதோடு, மலையேறுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ், தண்ணீர் கேன், தீயடிக்கும் மட்டை. ப்ளோயரை ரிப்பேர் பார்க்க இப்போதே அனுப்பிவிடலாம், இது கார்த்திகை மாதம்தான். எந்தச் சரிவில் எவ்வளவு நீளத்துக்குக் கோடு, எந்தத் தேதியில் வேலை தொடக்கம், எத்தனை தீக்காவலர்கள் என்று எழுதி ஊராட்சி மன்ற அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால் எங்களுக்கும் தெரியும், எங்களை வந்து கேட்கிற மாட்டுக்காரருக்கும் தெரியும்.

வேலை தொடங்கும் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் ஊரிலிருந்து அரிவாளோடு வர ஆள் இருக்கிறது, சோற்றுக்கும் தண்ணீருக்கும் தோப்பு இருக்கிறது. கூலியை மட்டும் தை முடிவதற்குள் கொடுத்துவிட ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து விவசாயி ஒருவன்,
மதுரை மாவட்டம்