செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (வாயின் மேற்கூரை பிளந்திருப்பது) உள்ள குழந்தைகளுக்கான இலவச அறுவை சிகிச்சை முகாமில் தொண்டு செய்ய நம் சங்கத்திலிருந்து ஆறு பேர் வெளிநாடு சென்று வந்தோம். எங்களில் ஒருவரும் மருத்துவர் இல்லை. பதிவேடு எழுதுவது, எடை பார்ப்பது, பெட்டி தூக்குவது, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை.

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. வெளியே தெரிவது உதடு. பெரிய தொல்லை உள்ளே, அண்ணத்தில். அது பிளந்திருந்தால் குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. குடித்ததும் மூக்கு வழியே வந்துவிடும். அதனால் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும்.

முதல் நாள் பரிசோதனையில்தான் இது எங்களுக்குப் புரிந்தது. உதட்டைத் தைக்க மருத்துவர்கள் பழைய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: 10 வார வயது, 10 பவுண்டு எடை (சுமார் 4.5 கிலோ), 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். இதெல்லாம் சரியாக இருந்தாலும் சளி பிடித்திருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், மூச்சுக்கு ஆபத்து. குழந்தையின் மூக்கை நன்றாகத் துடைத்துவிட்டு வரிசையில் நின்ற ஒரு அம்மா, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பெயருக்கு எதிரே 'அடுத்த முறை' என்று எழுதியது நான்தான். அடுத்த முறை எப்போது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

1982-இல் பிலிப்பைன்ஸுக்குப் போன ஓர் அமெரிக்க மருத்துவத் தம்பதி, சிகிச்சை தந்ததைவிட அதிகமான குழந்தைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததால்தான் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பைத் தொடங்கினார்கள். 1999-இல் வந்த ஸ்மைல் டிரெய்ன் என்ற அமைப்பு வேறு வழியில் போனது: வெளியிலிருந்து குழு அனுப்பாமல், உள்ளூர் மருத்துவர்களுக்கே பயிற்சியும் பணமும் தருவது. எனக்கு இப்போது இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. அண்ணத்தைத் தைத்த பிறகும் பேச்சுப் பயிற்சி பல மாதம் வேண்டும். நாங்கள் ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிட்டோம்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நாம் திரட்டி அனுப்பிய மருந்துப் பெட்டிகளில் ஒன்றைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தேதியைப் பார்க்காமல் கட்டியது நான். பொருளாளர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மற்றபடி செயற்குழு வழக்கம்போலக் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த ஆண்டு ஆறு பேருக்குப் பதில் இருவர் போனால் போதும். மிச்சமாகும் பயணச் செலவை அங்கேயே இருக்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். அப்புறம், திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளின் பட்டியல் முகாம் அலுவலகத்தில் இருக்கிறது. போகிற இருவரும் முதல் நாள் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.