கப்பல் பயணத்தில் முடக்கப்பட்ட கடன் அட்டையும், நான் செய்யாத செலவுக்கு வைக்கப்பட்ட பற்றும் குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை (பெயர், முகவரி தங்கள் பதிவேட்டில் உள்ளபடி), மதுரை.

பெறுநர்:
முதன்மை நோடல் அலுவலர், கடன் அட்டைப் பிரிவு, சென்னை.

நாள்: 10.02.2025

பொருள்: 56,466 ரூபாய் 58 காசு பற்றையும் அதன்மீது ஏற்றிய வட்டி, தாமதக் கட்டணங்களையும் நீக்கக் கோருதல். 09.12.2024 அன்று அளித்த புகாரின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விவகாரம் குறித்து நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம்" என்று தொடங்கும் ஒரே பதில்தான் வந்தது. இரண்டாவது முறை வந்த பதிலில் என் பெயருக்குப் பதிலாக வேறு யாரோ ஓர் ஆணின் பெயர் இருந்தது. ஆகவே இம்முறை கணினி அல்லாமல் ஒரு மனிதர் படிப்பார் என்ற நம்பிக்கையில், கையால் எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

என் கணவருக்கு எழுபது வயது நிறைந்து, திருக்கடையூரில் பீமரத சாந்தி முடித்த கையோடு, சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் எங்களையும் காரைக்குடிச் சம்பந்திகளையும் ஒரு கப்பல் பயணத்துக்கு அழைத்துச் சென்றாள். 2024 நவம்பர் 18 அன்று மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, 22 அன்று காலை அதே இடத்தில் இறங்கும் நான்கு இரவுப் பயணம் அது. பயணச்சீட்டு மகளுடையது, கப்பலுக்குள் பெரியவர்கள் நால்வருக்கும் ஆகும் செலவு முழுவதும் எங்களுடையது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பெண்ணைக் கொடுத்த வீட்டார் எல்லாவற்றுக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காகத்தான் தங்கள் நீல அட்டையை எடுத்துச் சென்றேன். புறப்படும் முன், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான பொத்தானைச் செயலியில் இயக்கினேன். ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி 15 சுற்றறிக்கைக்குப் பிறகு அதை அட்டைதாரரே இயக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். அதோடு நிற்காமல், பயணத் தகவல் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று மூன்று நாடுகளையும் தேதிகளோடு பதிந்து, பச்சை நிறத்தில் வந்த உறுதிச் செய்தியைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் கடலுக்கென்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் அதையும் நிரப்பியிருப்பேன்.

கப்பலில் ஏறும்போதே ஒரு கடன் அட்டையைப் பதிந்துகொண்டு, அறைச் சாவியாகவும் பயன்படும் வேறோர் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். காபி முதல், ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவர்களே போட்டுக்கொள்ளும் சேவைக் கட்டணம் வரை அனைத்தும் அதில் அமெரிக்க டாலரில் ஏறிக்கொண்டே போகும். கணக்கு ஏற ஏற, வங்கியிடம் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும்படி கப்பலிலிருந்து கோரிக்கை போகும். கடைசி இரவில் மொத்தத்தையும் பற்று வைப்பார்கள். இந்த நடைமுறை நேற்று வந்ததல்ல. கப்பல் நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகம் அமெரிக்காவில் மியாமியில் இருப்பதால், மலாக்கா நீரிணையில் தேநீர் குடித்தாலும் பற்று அமெரிக்காவின் பெயரில் வரக்கூடும் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கப்பல் பயணத்துக்கென்றே 4411 என்ற தனி வணிகக் குறியீடு அட்டை உலகில் இருப்பதை, கணக்கு ஆசிரியையான நான் வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடிகிறது என்றால், அட்டை விற்பதையே தொழிலாகக் கொண்ட தாங்கள் ஏன் தெரிந்துகொள்ளவில்லை?

முதல் நாள் இரவு 11.10 மணிக்கே அட்டையை முடக்கிவிட்டீர்கள். எனக்கு அது தெரிந்தது மறுநாள் பிற்பகல் 2.50 மணிக்கு. நடுக்கடலில் என் கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. கப்பலின் கைப்பேசி இணைப்பு, நான் பணம் கட்டி வாங்கிய ரோமிங் திட்டத்தில் சேராது. பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறைமுகப் பாலத்தில் கால் வைத்ததும் கைப்பேசி நடுங்கி நடுங்கி நான்கு குறுஞ்செய்திகளைக் கொட்டியது. "அமெரிக்காவில் சந்தேகத்துக்கிடமான பரிவர்த்தனை. தாங்கள் செய்ததென்றால் 30 நிமிடத்துக்குள் ஆம் என்று பதில் அனுப்பவும்." பதினைந்தரை மணி நேரம் கழித்து வந்த செய்திக்கு முப்பது நிமிட அவகாசம்! ஆம் என்றும் அனுப்பினேன். அந்த ஐந்து இலக்க எண்ணுக்கு மலேசியாவிலிருந்து செய்தி போகவில்லை. கட்டணமில்லா எண்ணும் வெளிநாட்டிலிருந்து கிடைக்கவில்லை. அட்டையின் பின்புறம் எறும்பு ஊர்ந்தது போல் அச்சிட்டிருக்கும் இன்னொரு எண்ணை, என் கணவரின் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு படித்து அழைத்தேன். 26 நிமிடங்கள் வீணை இசை கேட்டது, பிறகு துண்டித்துவிட்டது. குடும்பத்தார் அனைவரும் பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் துறைமுக வாயிலின் நிழலைப் பார்த்தேன்.

மறுநாள் புக்கெட்டில் நடந்ததை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. அங்கே பெரிய கப்பல் கரையை அண்டுவதில்லை. படோங் கடற்கரைக்குச் சிறு படகில் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பும் படகுக்கான வரிசையில் வெயிலில் நின்றுகொண்டு மீண்டும் அழைத்தபோது, தன் பெயரைச் சொல்ல மறுத்த ஓர் ஊழியர் பேசினார். கப்பலின் பற்று ஏன் அமெரிக்கா என்று வருகிறது என்பதை நான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் இடையில் குறுக்கிட்டு, "ஏம்மா, உங்க கூட படிச்சவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க" என்றார். ஐயா, நான் 34 ஆண்டுகள் கணக்கு கற்பித்தவள். அதில் பதினொரு ஆண்டுகள் தலைமையாசிரியை. என்னிடம் வட்டிக் கணக்கு படித்தவர்களில் இருவர் இன்று வங்கி மேலாளர்கள். நான் அதைச் சொன்னதற்கு, "கப்பல்ல போக வசதி இருக்கு, கையில கொஞ்சம் காசு வெச்சுக்க வசதி இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "பிளாக்கை எடுத்து விட்டாச்சு, 24 மணி நேரத்துல கார்டு வேலை செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒவ்வோர் அழைப்பும் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தங்கள் இயந்திரமே அறிவிக்கிறதே, அந்தப் பதிவைத் தாங்கள் தயவுசெய்து ஒருமுறை கேட்க வேண்டும். பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிது.

24 மணி நேரம் கடந்தும் அட்டை வேலை செய்யவில்லை. 21 அன்று இரவு, கப்பலில் தனிக் கட்டணம் வாங்கும் உணவகத்தில் என் கணவரின் பிறந்தநாள் விருந்து. கேக் வெட்டி முடிந்து, ரசீது கொண்டுவந்த பணியாளர், பாவம், மிகுந்த மரியாதையோடு என் காதருகே குனிந்து, கணக்கு நிறுத்தப்பட்டிருப்பதாகவும், கீழ்த்தளத்து முகப்புக்கு வர முடியுமா என்றும் மெல்லக் கேட்டார். மெல்லக் கேட்டாலும் மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்டுவிட்டது. நான் எழுவதற்குள் சம்பந்தி எழுந்து போய், தன் அட்டையைக் கொடுத்து, நான்கு நாள் கணக்கு முழுவதையும், 642 டாலர் 50 சென்ட், தீர்த்துவிட்டு வந்தார். வேறு வங்கியின் அட்டை. முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டது. "அக்கா, இதெல்லாம் ஒரு விஷயமா, சாப்பிடுங்க" என்று சம்பந்தி அம்மாள் சொன்ன அந்தப் பரிவைத் தாங்கிக்கொள்வதற்குப் பதில் நான் கடலில் குதித்திருக்கலாம். முப்பத்து நான்கு ஆண்டு உழைப்பில் சேர்த்த மரியாதை முழுவதும் அந்த ஒரு மேசையில் போயிற்று. ஐந்து லட்சம் கொடுத்தாலும் தங்களால் அதை ஈடு செய்ய முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட விதியை நொந்துகொண்டு விட்டிருப்பேன். எட்டு மணிக்கு விருந்தில் மறுத்த அதே அட்டையில், நள்ளிரவு தாண்டி 2.06 மணிக்கு அதே 642.50 டாலரை அனுமதித்திருக்கிறீர்கள்! கப்பலிலிருந்து தகவல் செயற்கைக்கோள் வழியாகப் போவதால், இணைப்பு கிடைக்காதபோது முன்பு அனுப்பிய கோரிக்கை வரிசையில் நின்று பிறகு போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று கப்பல் நிறுவனத்தார் விளக்கினார்கள். கணக்கு வேறோர் அட்டையில் தீர்க்கப்பட்டது என்றும், என் அட்டையின் பெயரில் போன கோரிக்கையை ரத்து செய்துவிட்டதாகவும் 28.11.2024 தேதியிட்டுக் கடிதமும் கொடுத்தார்கள், நகல் இணைத்துள்ளேன். தங்கள் டிசம்பர் ஸ்டேட்மென்டிலோ டாலருக்கு 84.40 வீதம் 54,227 ரூபாய், அதன்மேல் மூன்றரை விழுக்காடு அந்நியச் செலாவணிக் கட்டணம் 1,897.95, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 341.63 என்று காசு பிசகாமல் பற்று வைக்கப்பட்டுள்ளது. கூட்டலில் தவறு இல்லை, சரிபார்த்துவிட்டேன்.

டிசம்பர் 9 அன்று ஆட்சேபம் பதிந்தேன். சிப் அட்டையை நேரில் பயன்படுத்திய பரிவர்த்தனை என்பதால் ஏற்க இயலாது என்று பதில் வந்தது. நள்ளிரவு 2.06 மணிக்கு என் அட்டை அறைப் பெட்டகத்திலும் நான் படுக்கையிலும் இருந்தோம். யார் நேரில் பயன்படுத்தியது? கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்று தாங்களும், வங்கியைக் கேளுங்கள் என்று அவர்களும் மாறி மாறிப் பந்தாடுகிறீர்கள். மதுரைக் கிளையில், கடன் அட்டை என்றாலே சென்னைதான் என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே ஜனவரி 6 இரவு, முழங்கால் வலியுள்ள என் கணவரையும் அழைத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, அலுவலகம் திறக்கும் வரை ஓர் உணவகத்தில் மூன்று முறை காபி வாங்கி உட்கார்ந்திருந்து, தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காவலாளி எங்களை மின்தூக்கி வரைகூட விடவில்லை. பொதுமக்களைச் சந்திப்பதில்லை என்று சொல்லி, மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். பெட்டியின் வாய் வரை கடிதங்கள் நிறைந்து, மேலே இருந்தது பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. என் கடிதத்தை மடித்து மடித்துத் திணிக்க வேண்டியிருந்தது. ஒப்புகைச் சீட்டு கேட்டதற்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். பார்வையாளர் பதிவேட்டில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சந்திக்கவே இல்லாதவருக்குப் பார்வையாளர் பதிவேடு எதற்கு?

அட்டையில் எனது சொந்தச் செலவான 3,180 ரூபாயைக் கெடு தேதிக்கு முன்பே செலுத்திவிட்டேன். இருந்தும் ஜனவரி ஸ்டேட்மென்டில் தாமதக் கட்டணம் 1,100, வட்டி 2,032.80, இரண்டுக்கும் ஜிஎஸ்டி என்று ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு மேலும் ஜனவரி 29 அன்று இரவு 7.40 மணிக்கு வசூல் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவர் என்ற பெயர், போய்விடும் என்று என் கணவரிடம் சொன்னார். மாலை 7 மணிக்குப் பிறகு நிலுவை வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அட்டையே வேண்டாம், மூடிவிடுங்கள் என்றால், நிலுவையைக் கட்டினால்தான் மூடுவோம் என்கிறீர்கள். அந்த நிலுவையே தங்கள் தவறுதான். நிலுவை இல்லாத அட்டையை மூடக் கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தாங்கள்தான் எனக்குத் தர வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தங்கள் வங்கியில் எங்களுக்கு 1991 முதல் கணக்கு இருக்கிறது. என் ஓய்வூதியமும் அங்குதான் வருகிறது. சண்டை போடுவது என் நோக்கமல்ல. ஆட்சேபிக்கப்பட்ட தொகையையும் அதன்மீதான எல்லாக் கட்டணங்களையும் நீக்கி, சிபிலுக்குத் தகவல் போயிருந்தால் திருத்தி, அட்டையை மூடியதற்கான கடிதம் தர வேண்டுகிறேன். படோங் கடற்கரையில் என்னிடம் பேசிய ஊழியர், என்னைப் படிக்காதவள் என்று எதை வைத்து முடிவு செய்தார் என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். தவறாகப் பேசிவிட்டேன் என்று அவர் ஒரு வரி எழுதினாலும் போதும்.

ஆட்சேபிக்கப்பட்ட பற்றுக்கு 30 நாட்களுக்குள் தாங்கள் ஆவணச் சான்றோடு விளக்கம் தந்திருக்க வேண்டும். இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. 2021-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் நான் இன்றே ரிசர்வ் வங்கிக்குப் போகலாம். விண்ணப்பத்தை நிரப்பியும் வைத்துவிட்டேன். பழைய பழக்கத்துக்காக பிப்ரவரி 25 வரை பொறுத்திருப்பேன். அதன் பிறகும் மௌனம் நீடித்தால், குறைதீர்ப்பாளரிடம் போவது உறுதி; அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்கு தொடுப்பேன். அப்போது சென்னையிலிருந்து ரயிலேறி வர வேண்டியவர்கள் தாங்கள்.

சம்பந்தி வீட்டுக்குப் பணத்தை நவம்பர் மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். தாங்கள் இனி என்னைத் தொடர்புகொள்ள விரும்பினால் எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும். அழைத்தே ஆக வேண்டுமென்றால் பகல் 2 மணி முதல் 4 மணி வரை என் கணவர் உறங்குவார், அந்த நேரத்தைத் தவிர்க்கவும். என் பெயரைச் சரியாகப் பார்த்துக்கொண்டு அழைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)