சுவர் காயும்வரை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.11.2021

அன்பின் சிநேகிதிக்கு,

உம்முடைய கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. பதில் எழுதப் பிந்தியதற்குச் சோம்பல் காரணமல்ல. நான் எழுத உட்காரும் மேசையின் மேல் தளபாடங்களும் அதன் கீழ் சீமெந்து மூட்டைகளுமாகப் பத்து நாட்கள் கழிந்தன. வீடு திருத்துகிறோம். ஒக்டோபர் முதலாந் திகதி அதிகாலை நான்கு மணிக்கு ஊரடங்கு நீங்கியபோது ஊரில் மற்றவர்களுக்கு என்னென்ன ஆசைகள் இருந்தனவோ தெரியாது, எங்கள் வீட்டில் இருந்த ஆறு பேருக்கும் நினைவில் வந்தவர் மேசன் பாஸ் ஒருவர்தான். உங்கள் பக்கத்தில் மேசன், ஓடாவி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். இங்கே கைவேலை தெரிந்தவர் எல்லோரும் பாஸ். ஊரடங்கு நேரத்தில் வெளியே போகும் அனுமதிச் சீட்டும் பாஸ்தான். அந்தப் பாஸ் இல்லாததால் இந்தப் பாஸும் இல்லை என்று, தொலைபேசி எடுத்தவர்களிடமெல்லாம் என் கணவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் யாரும் வீட்டைப் பற்றி விசாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மே 21 ஆம் திகதி பயணக்கட்டுப்பாடு தொடங்கிய அன்று பின்னேரம், கொட்டாஞ்சேனையில் இருந்து மகளும் மருமகனும் பேரனும் இரண்டு பைகளோடு வந்தார்கள் என்பதை முன்பே எழுதியிருந்தேன். தொடர்மாடியில் நான்காம் மாடியில் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பூட்டி வைத்திருக்க முடியாது என்பது மகளின் வாதம். நான்கைந்து நாட்களுக்கென்று வந்தவர்கள் ஐந்து மாதம் இருந்தார்கள். மருமகனுக்காக முன் விறாந்தையைப் பலகை வைத்து மறைத்தோம். அவர் அதற்குள் இருந்து ஆங்கிலத்தில் உரத்துப் பேசும் நேரங்களில் குசினியில் அம்மியும் அரைக்கக் கூடாது, மிக்ஸியும் ஓடக் கூடாது. பேரன் சாப்பாட்டு மேசையில் சூமில் படித்தான். ஆறு பேருக்கு ஒரு குளியலறை. சண்டைகளை எழுதினால் கடிதம் நீளும், அவை ஒன்றும் புதுமையானவையும் அல்ல.

மாமிக்கு வயது எண்பத்தாறு. தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று, நடமாட்டம் மட்டும் குறைந்துவிட்டது. 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை முதற்தடவையாக ஊரடங்கு என்று வானொலியில் சொன்னபோது, வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பை எங்கே என்றுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தலைமாட்டில் வைத்துக்கொண்டார், இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நீரும் இந்த ஊரில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர் ஆகையால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனிச் சுவருக்கு வருகிறேன். ஜூன் மாதக் கடைசியில் முன் அறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தோசை அளவுக்கு ஈரம் கண்டது. தென்மேற்குப் பருவமழைக் காலம், ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஓட்டு வீடு; எல்லோரும் கூரையைத்தான் குற்றம் சொன்னோம். இவர் பீலி அடைத்திருக்கிறது என்றார். மருமகன் இணையத்தில் பார்த்துவிட்டு, நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது என்றார். மாமியோ மேல் வீட்டுத் தண்ணீர் என்றார். எங்களுக்கு மேல் வீடு இல்லை என்பதை நினைவுபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பாஸ் வந்து பார்த்திருந்தால் கூரையில் நாலு ஓடுகளை மாற்றி, சுவருக்கு ஒரு பூச்சும் பூசி, காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார், நாங்களும் திருப்தியாக இருந்திருப்போம். வர ஆளில்லாதபடியால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பார்த்தோம். பேரன் ஒவ்வொரு நாளும் காலையில் ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறி, அருகில் திகதியையும் எழுதினான். ஜூலை முடியும்போது சுவர் வெட்டிய மரத்தின் குறுக்குமுகம் போல வளையம் வளையமாக இருந்தது. மழையே இல்லாத நாட்களிலும் கோடு வெளியே நகர்ந்ததை முதலில் கவனித்தவன் அவன்தான். முப்பத்து மூன்று வருடம் கணிதம் படிப்பித்த பழக்கம் என்னைச் சும்மா இருக்க விடுமா? மின்கட்டணம் கூடுகிறது என்பதற்காக, நிலத்தடித் தொட்டியில் இருந்து மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் எப்போது ஓடியது, எத்தனை நிமிடம் ஓடியது என்று இவர் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். அந்தக் கொப்பியைச் சுவரோடு வைத்து ஒப்பிட்டேன். உடுப்புத் தோய்த்து, இரண்டு தரம் பம்ப் போட்ட நாட்களுக்கு மறுநாள்தான் கோடு அதிகம் நகர்ந்திருந்தது.

இன்னொரு சாட்சியும் எங்கள் காதிலேயே இருந்தது. சில வாரங்களாகப் பம்ப் போட்டவுடன் மேலே தாங்கியின் வாயில் இருந்து 'கொக், கொக்' என்று இருமல் கேட்கும். அந்த நாட்களில் இருமல் என்றால் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம் அல்லவா. இருமியது குழாய்தான் என்று தெரிந்ததும் நிம்மதியடைந்து, அது ஏன் இருமுகிறது என்று யோசிக்காமலே விட்டுவிட்டோம். ஏறுகுழாயில் எங்கோ ஊசித் துளை விழுந்திருந்தால், பம்ப் நின்ற பிறகு குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் அந்தத் துளை மட்டம் வரைக்கும் மெல்ல வடிந்துவிடும். அதற்கு மேல் காற்று நிரம்பும். அடுத்த முறை பம்ப் ஓடும்போது முதலில் அந்தக் காற்றைத்தான் தள்ளும். ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு நாட்கள் பம்பையே போடாமல், தொட்டியில் இருந்து வாளியால் அள்ளி எல்லோரையும் குளிக்கச் செய்து பார்த்தேன். பெரும் கிளர்ச்சி எழுந்தது. கோடு மட்டும் நகரவில்லை. ஆக, நாங்கள் மூவராக இருந்தவரை ஒரு வேளை ஓடிய பம்ப் ஆறு பேருக்காக நாளுக்கு இரு வேளை ஓட, பழைய துளை வாய் திறந்துவிட்டது. கண்டுபிடித்து இரண்டு நாளாகவில்லை, ஓகஸ்ட் 20 இரவு மறுபடி ஊரடங்கு. ஆறு கிழமைகள் அந்தச் சுவரின் கீழ் பழைய துவாய் ஒன்றை விரித்து வைத்துப் பிழிந்துகொண்டிருந்தோம்.

ஒக்டோபரில் கதவுகள் திறந்தன, விலைகளும் திறந்துகொண்டன. பால்மா, எரிவாயு, கோதுமை மா ஆகியவற்றோடு சீமெந்துக்கும் இருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 50 கிலோ மூட்டையை முதலில் 1,098 ரூபாவுக்கு வாங்கினோம். இந்த மாதம் அதே மூட்டை 1,275 ரூபா. அதுவும் கடையில் இருந்தால். எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள கடைக்காரர் ஆளுக்கு இரண்டு மூட்டைதான் தருவேன் என்றபோது, பால்மாவுக்கு நின்ற அதே பொறுமையோடு இவர் சீமெந்துக்கும் வரிசையில் நின்றார். மாமியின் குளியலறைக்கு வழுக்காத மாபிள் பதிக்க நினைத்திருந்தோம். 2020 இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதில் இருந்து மாபிளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, சீமெந்துத் தரையையே சொரசொரப்பாகப் போட்டு, சுவரில் பிடித்து எழும்ப ஒரு துருப்பிடிக்காத கம்பியும் பூட்டினோம். எனக்கென்றால் இதுதான் மாபிளைவிட நல்லதாகப் படுகிறது. முன் யன்னலுக்கு மேலே இருந்த கொங்கிறீற்றும் வெடித்திருந்தது. கடற்காற்றில் உப்பு உள்ளே போய்க் கம்பி கறள் பிடித்தால், கறள் இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கொங்கிறீற்றை அதுவே பிளந்துவிடும். பாஸ் கம்பியின் பின்புறம் வரைக்கும் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே சாந்து வைத்தார். மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போகிறவர் அல்லர் என்பது அப்போதே விளங்கியது.

அவர் ஹொரணைப் பக்கத்தவர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதல் நாள் வாசலில் நின்று தடுப்பூசி அட்டையை நாங்கள் கேட்காமலே நீட்டினார். பேரனின் கோடுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, கடைசித் திகதிக்கு உரிய வளையத்தின் நடுவில் விரலை வைத்து, இங்கே என்றார். அங்கேதான் இருந்தது. பூச்சைக் கொத்தியபோது கறள் ஏறிச் செதில் செதிலாக உரியும் ஒரு இரும்புக் குழாய். சின்ன ஊசியால் குத்தியது போல ஒரு துளை. பம்பைப் போடச் சொன்னார். மயிர் போன்ற ஒரு நீர்த்தாரை, பாஸின் முகக்கவசத்தை நேரே நனைத்தது. பேரனின் சிரிப்பு ஒழுங்கை முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

குழாயை முழுவதும் எடுத்துப் பிவிசி போடுவதற்காக வாசல் நிலையை ஒட்டிக் கொத்தினார்கள். அந்த அதிர்ச்சியில் நிலையில் இருந்த பெயின்ற் பாளம் பாளமாகக் கழன்றது. மேலே நாங்கள் அடித்த வெள்ளை, அதன் கீழே மகளின் சாமத்தியச் சடங்குக்கு அடித்த கிறீம், அதன் கீழே மாமா அடித்த பச்சை, அதற்கும் கீழே கரி. வர்ணம் அல்ல, கரி. முதலைத் தோல் போலச் சதுரம் சதுரமாக வெடித்த, விரலில் ஒட்டும் கரி. எண்பத்து மூன்று ஜூலையில் முன் அறையை எரித்தார்கள் என்பது எனக்குக் கேள்விச் செய்தி. எண்பத்தாறில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். எரித்த மறு வருடமே மாமா திரும்பி வந்து, கையில் இருந்த காசுக்குக் கூரைக்கு ஓடு போட்டு, உருகியிருந்த குழாய்க்குப் பதிலாக இந்த இரும்புக் குழாயை இறக்கி, நிலையை மாற்றக் காசு காணாதபடியால் மேலே பச்சை அடித்துவிட்டார். முப்பத்தைந்து வருடங்களாக அந்த நிலையில் கைவைத்துத்தான் செருப்புக் கழற்றியிருக்கிறேன்.

பாஸ் உளியை இறக்கி, "அம்மா, தீயா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆம், எண்பத்து மூன்றில், என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டுவது கையாளின் வேலை. அன்று பையனிடம் இருந்து தும்புத்தடியை வாங்கி, விழுந்திருந்த துண்டுகளை அவரே கூட்டி அள்ளினார். பிறகு உளியின் முனையால் கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, மரம் முதிரை, கால் அங்குலத்துக்கு மேல் போகவில்லை, உள்ளே கல்லுப் போல இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்றார். மேற்பரப்புக் கரியானால் அதுவே உள் மரத்துக்குக் காப்பாகிவிடும் என்பது உண்மைதானாம்.

வீட்டில்தான் உடன்பாடு வரவில்லை. எதற்கு இது, எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று இவர் சொன்னார். இவ்வளவு வேகமாக இவர் செலவுக்குச் சம்மதித்து நான் கண்டதில்லை. மகள் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம். சொல்லாமல் இருக்க வேண்டும் என்று யாரும் தீர்மானித்ததாக எனக்கு நினைவில்லை. பெயின்ற் அடித்திருந்தது, அவ்வளவுதான். பேரன் மாமியிடம் போய், பூட்டம்மா, கதவு ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டான். மாமி கட்டிலில் இருந்தபடியே தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். "அது முந்தின ஊரடங்கிலை வந்தது, ராசா," என்றார். பிறகு தேத்தண்ணீர் கேட்டார்.

கரியைச் சுரண்டி, மரத்தைச் சீவி, எண்ணெய் மட்டும் பூசுவது என்று முடிவாயிற்று. முடிவு மாமியுடையது. கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவு ஆழமாக எரிந்த இடத்தில் கறுப்புப் போகவில்லை. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டார்.

ஒக்டோபர் கடைசி வாரத்தில் ஆரம்பப் பிரிவைத் திறந்ததால், பேரனுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்கள். வரும்போது இருந்த இரண்டு பைகள் போகும்போது ஏழாகின. விறாந்தைப் பலகையைக் கழற்றவா என்று பாஸ் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்று இவர் சொன்னார், காரணம் சொல்லவில்லை. பம்ப் மறுபடி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஓடுகிறது, இருமாமல் ஓடுகிறது. புதுப் பூச்சு காய ஒரு மாதமாவது விட வேண்டும், அதற்கு முன் பெயின்ற் அடித்தால் கொப்புளம் போட்டுவிடும் என்று பாஸ் எச்சரித்திருக்கிறார். இந்த மாத மழையைப் பார்த்தால் ஒரு மாதமும் போதாது போலிருக்கிறது. கொத்தாமல் விட்ட ஓரத்தில் பேரனின் கடைசிக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது, பக்கத்தில் 30.9 என்று எழுதியபடி.

மாகாணங்களுக்கு இடையிலான தடையும் நீங்கிப் புகையிரதமும் ஓடத் தொடங்கிவிட்டது. கொக்குவிலில் உம்முடைய கிணற்றடி வேலை முடிந்ததும், மார்கழி நடுப்பகுதியில் ஒரு கிழமைக்கு வாரும். முன் அறையில் உமக்கு இடம் இருக்கிறது. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் நானும் இவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பச்சை வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. வரும் திகதியை இரண்டு நாள் முன்கூட்டி அறிவித்தால், கட்டிலுக்கடியில் இருக்கும் மிச்சச் சீமெந்தை இவரைக் கொண்டு வெளியே எடுப்பித்துவிடுவேன். மாமிக்கு ஒடியல் மா கொஞ்சம் கொண்டுவாரும்; கூழ் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உம்முடைய பழைய வகுப்புத் தோழி