‘கேஸ்’ என்பதும் ஒருவர் உண்டாக்கிய சொல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதம் மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘வளிமம்’ என்று சொல்லிப் பிள்ளைகளை ஏன் வதைக்க வேண்டும், ‘கேஸ்’ என்றால் பால்காரருக்கும் புரியுமே, அது மக்கள் வாயில் தானாக விளைந்த சொல், மற்றது அறைக்குள் உட்கார்ந்து தயாரித்த சொல் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் 31 வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். கேஸ் எல்லோருக்கும் புரியும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது தானாக விளைந்தது என்றாரே, அதுதான் தவறு. இன்னார்தான் உண்டாக்கினார் என்று ஆளைக் காட்டிச் சொல்லக்கூடிய சொற்கள் எந்த மொழியிலும் குறைவு. கேஸ் அப்படிப்பட்ட ஒரு சொல்.

எனக்கு இந்தச் சொல் முதலில் அறிமுகமானது விளக்கு வழியாக. என் அப்பா திங்கள்சந்தையில் கியாஸ் லைட் வாடகைக்கு விட்டவர். கல்யாண வீடு, சாவு வீடு, மாசியில் மண்டைக்காடு கொடை என்று இருட்டில் ஆள் கூடுகிற இடமெல்லாம் எங்கள் லைட் போகும். சாயங்காலம் திண்ணையில் வரிசையாக வைத்து ஏற்றுவார். சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைப்பார். குழாய் நன்றாகச் சூடேறியதும் பம்ப் அடிப்பார். அதுவரை சுருங்கித் தொங்கிய மேன்டில் என்ற சின்ன வலைப்பை புஸ்ஸென்று வெள்ளையாகப் பூக்கும். எரிந்த மேன்டிலை விரலால் தொட்டுவிட்டால் போச்சு, சாம்பலாக உதிர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கேட்டேன்: “மண்ணெண்ணெய்தானே அப்பா ஊத்துறீங்க, அப்புறம் ஏன் கியாஸ் லைட்டுன்னு சொல்றாங்க?”

“உள்ள போறதுதான் எண்ணெய். மேல வந்து எரியது எண்ணெய் இல்ல மக்களே, அதோட ஆவி” என்றார். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். கல்லூரியில் ஆவியாதல் பாடம் நடந்த அன்று, அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் சரி என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் அதைச் சொன்னேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அதை உண்டாக்கியவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். பிரஸ்ஸல்ஸ் ஊர்க்காரர், மருத்துவர், 1644இல் இறந்தார். அவர் 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தார். மிஞ்சிய சாம்பல் ஒரே ஒரு பவுண்டு. அப்படியானால் மற்ற 61 பவுண்டு எங்கே? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டது என்று முடிவு செய்தார். அதற்கு லத்தீனில் ‘காட்டு ஆவி’ என்று பொருள்படும் ஒரு பெயரைச் சொன்னார். திராட்சைச் சாறு புளித்து நுரைக்கும்போது வருவதும் இதே ஆவிதான் என்றும் கண்டுகொண்டார். எரிகிற கரிக்கும் புளிக்கிற சாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யார் கேட்டிருப்பார்கள்? இன்று கரியமில வாயு என்கிறோமே, அதைத்தான் அவர் இரண்டு இடத்திலும் அடையாளம் கண்டார். வகுப்பில் இந்தக் கணக்கில் உள்ள ஒரு குறையையும் சொல்லுவேன். கரி எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜன் வந்து சேருவது அவருக்குத் தெரியாது. அதையும் சேர்த்தால் கிளம்பிப் போனது 61 பவுண்டு இல்லை, 200 பவுண்டுக்கும் மேல். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

இந்த ஆவியை எந்தப் பாத்திரத்திலும் அடைக்க முடியாது, கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவும் ஆக்க முடியாது, இதுவரை யாரும் அறியாத இதற்கு நான் வைக்கும் புதுப்பெயர் ‘காஸ்’ என்று எழுதினார் ஹெல்மான்ட். அவர் இறந்தபின் 1648இல் அவர் மகன் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. பெயரை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் அவரே சொல்கிறார்: முன்னோர் சொன்ன ‘கேயாஸ்’ என்பதிலிருந்து இது வெகுதூரம் இல்லையாம். கேயாஸ் என்றால் இன்று நாம் குழப்பம் என்று எடுத்துக்கொள்கிறோம். கிரேக்கர்களுக்கு அது படைப்புக்கு முன்னால் ‘ஆ’வென்று வாய் பிளந்து கிடந்த வெறுவெளி. ஹெல்மான்டுக்கு முன்பே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் காற்றைக் கேயாஸ் என்று சொல்லியிருந்தார். அதன் முதல் எழுத்துக்கு உரிய கிரேக்க ஒலி, டச்சு மொழியில் ‘க’ எழுத்தைத் தொண்டையில் உரசிச் சொல்லும் ஒலியைப் போலவே இருக்கும். அதனால் டச்சு பேசிய ஹெல்மான்டின் காதுக்குக் கேயாஸும் காஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி அந்த வாசகர் கவனிக்க வேண்டிய இடம். பெயர் வைத்த உடனே உலகம் அதை ஏற்றுக்கொண்டதா? இல்லை. நூறு வருடத்துக்கு மேல் வேதியியல்காரர்கள் பெரும்பாலும் அதைச் சட்டை செய்யவே இல்லை. 1750களில் ஜோசப் பிளாக் இதே கரியமில வாயுவை ஆராய்ந்து ‘நிலைத்த காற்று’ என்றார். 1766இல் ஹைட்ரஜனைப் பற்றி எழுதிய கேவண்டிஷ் ‘எரியும் காற்று’ என்றார். 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த பிரீஸ்ட்லியும் அதை ஒரு வகைக் காற்று என்றே சொன்னார். கைக்குப் பக்கத்தில் ‘காற்று’ என்ற பழகிய சொல் இருக்கும்போது, யாரோ ஒருவர் செய்த புதுச்சொல் எதற்கு என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். பிறகு பிரான்சில் மாக்கேர் அந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்தார். லவாய்சியே 1789இல் வெளியிட்ட தம் பாடநூலில் பயன்படுத்தினார். அதன்பின் அசையாமல் நின்றது. ஹெல்மான்ட் ‘பிளாஸ்’ என்று இன்னொரு சொல்லையும் உண்டாக்கினார். விண்மீன்களின் இயக்க சக்தி என்று அவர் நினைத்த ஒன்றுக்கான பெயர் அது. அப்படி ஒரு சக்தியே இல்லை, சொல்லும் போய்விட்டது.

பால்காரர் வாய்க்கு அது வந்தது விளக்கு வழியாகத்தான். 1792இல் இங்கிலாந்தின் ரெட்ருத் ஊரில் வில்லியம் மர்டாக் நிலக்கரியைச் சூடாக்கி வந்த வாயுவால் தம் வீட்டுக்கு வெளிச்சம் போட்டார். 1807இல் லண்டன் பால் மால் தெருவில் கேஸ் விளக்கு எரிந்தது. அந்த விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டத்தான் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் மேன்டிலைக் கண்டுபிடித்தார். பின்னால் அதற்குத் தோரியம் என்ற தனிமம் வேண்டியிருந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்தத் தோரியம் உள்ள மணலை எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டார். எங்கள் திண்ணையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். மண்ணெண்ணெய் விளக்குக்குக் கியாஸ் லைட் என்ற பெயரும் அந்த மேன்டிலோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வளிமம் அறையில் தயாரித்த சொல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குள் இருக்கும் ‘வளி’ அப்படியா? வளியின் தொழிலை ஆண்டு கடலில் நாவாய் ஓட்டியவனைப் புறநானூறு பாடுகிறது. வளி முதலாக எண்ணிய மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறார் வள்ளுவர். வயிற்றில் கேஸ் என்று நாம் மருந்துக்கடையில் போய் நிற்கிறோமே, அந்த உடம்புக் காற்றுக்கும் வளி என்றே பெயர் இருந்தது. கப்பலைத் தள்ளுகிற காற்றையும் வயிற்றைப் பிசைகிற காற்றையும் ஒரே சொல்லால் சொன்னவர்கள் நாம். திண்மம், நீர்மம், வளிமம் என்று மூன்றையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். வாயு என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே, நானே பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் பாடத்தில் பொருளின் அந்த மூன்றாவது நிலைக்கு மட்டும் ‘கேஸ்’ அல்லாத தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்பேன். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் காருக்கு ‘கேஸ்’ போடப் போகிறேன் என்பான். அவன் போடுவது பெட்ரோல், கேசோலின் என்பதன் சுருக்கம், முழுக்க நீர்மம். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரிலும் அழுத்தத்தில் திரவமாகத்தான் பெரும்பகுதி கிடக்கிறது. குலுக்கினால் உள்ளே தளும்பும். குழாய் வழியாக வெளியே வரும்போதுதான் அது வளிமம். ‘கேஸ் என்றால் என்ன?’ என்று தேர்வில் கேட்டபோது ‘சிலிண்டரில் வருவது’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வீட்டில் அந்த ஒரு பொருளில் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் மாணவர் இணைப்பில் ஹெல்மான்டின் கரிக் கதையை அரைப்பக்கம் போட்டு, அதன் கீழேயே ‘வளிமம்’ என்ற சொல்லையும் அச்சிட்டால் நன்றாக இருக்கும். படம் வேண்டுமென்றால் அப்பாவின் கியாஸ் லைட் ஒன்று பரணில் இன்னும் இருக்கிறது, எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்