பட்டாணியை ஏன் விலக்கச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். வெள்ளை அரிசி, மைதா, உருளைக்கிழங்கு, அதே வரிசையில் பட்டாணி. காரணம் என்ற இடத்தில் ‘மாவுச்சத்து அதிகம்’ என்பதோடு முடித்துவிட்டார்கள். பல வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நம் பகுதியின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி, சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவாவுக்கு அடுத்தபடி புதுச்சேரிதான்: 26.3 சதவீதம். கடலூரில் இருந்து ஒரு பேருந்து தூரம். நாலு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கிற ஊரில், பத்திரிகையில் வரும் பட்டியலை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் ஏராளம். அதை நம்பி, சாயங்காலம் பீச்சில் நடக்கப் போகிறவர் சுண்டல் பொட்டலத்தை விட்டுவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் யாருக்கு லாபம்?

காய்ந்த பட்டாணியின் எடையில் பாதிக்கு முன்பின் மாவுச்சத்துதான். இதை மறுக்கவில்லை. ஆனால் மாவுச்சத்து எல்லாம் ஒன்றல்ல. அதில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். செரிமான நொதிகள் ஒவ்வொரு கிளை நுனியிலும் வேலையைத் தொடங்க முடியும். அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. வெந்து ஆறும்போது இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. அப்படி இறுகியதை நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. அதில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் அமைலோஸ் சுமார் கால் பங்குதான். சாதாரண உருண்டைப் பட்டாணியில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். சுருங்கிய விதைப் பட்டாணியில் அறுபது சதவீதத்தையும் தாண்டும்.

இந்தச் சுருங்கிய விதையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மரபியலின் தந்தை மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் எண்ணிக் காட்டினாரே, 5,474 உருண்டை, 1,850 சுருங்கல் என்று, அதே விதைதான். ஏன் சுருங்குகிறது என்பது 1990-இல்தான் மரபணு அளவில் தெரிந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வகத்தார் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தில் கிளை உண்டாக்கும் நொதிக்கான மரபணுவின் நடுவே ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நொதி வேலை செய்யாததால் கிளை குறைகிறது, மாவுச்சத்தும் குறைவாகவே சேர்கிறது. மாவாகாத சர்க்கரை விதைக்குள் தங்கித் தண்ணீரை இழுக்கிறது. முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்கிவிடுகிறது. இரண்டு விதைகளின் மாவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உருண்டை விதையின் மாவுச்சத்து மணிகள் முழுசாக, நீள்வட்டமாக இருக்கும். சுருங்கியதில் பல துண்டாகப் பிளந்து, ஒட்டி நிற்கும். பாடப்புத்தகத்தில் 3:1 விகிதத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகள் இதைப் பார்த்ததும் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் ஜான் இன்னஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சுருங்கிய பட்டாணி சாப்பிட்டவர்களுக்கு, உருண்டைப் பட்டாணி சாப்பிட்டவர்களைவிட ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. நம் மளிகைக் கடையில் கிடைக்கும் காய்ந்த பட்டாணி பெரும்பாலும் உருண்டை வகை. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்தச் சொல்லவில்லை. ஆனால் உருண்டைப் பட்டாணிக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: அதன் செல் சுவர். முழுசாக வேகவைத்த பட்டாணியில் மாவுச்சத்து செல்களுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அரைத்து மாவாக்கினால் சுவர் உடைந்து மாவுச்சத்து வெளியே வந்துவிடும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடாவைத் தாராளமாகப் போட்டாலும் சுவர் நெகிழ்ந்துவிடும். ஆக உங்கள் பட்டியல் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: இரவு ஊறவைத்து, சோடா இல்லாமல், குழையவிடாமல் வேகவைத்து, ஆறியபின் அளவோடு சாப்பிடுங்கள். தேங்காய், மாங்காய் போட்ட சுண்டல் கிட்டத்தட்ட இந்தப் பக்குவத்தில்தானே இருக்கிறது! பட்டாணி மருந்தல்ல, மாத்திரைக்குப் பதிலுமல்ல. ஆனால் மைதாவோடு ஒரே வரிசையில் நிறுத்த வேண்டிய பொருளும் அல்ல.

அப்புறம் இன்னொரு எச்சரிக்கையும் அச்சிடுங்கள். பட்டாணிப் புரதப் பவுடர் இப்போது எங்கும் விற்கிறது. பட்டாணியை நைசாக அரைத்துக் காற்றில் ஊதிப் பிரிக்கும்போது, லேசான புரதத் துகள் ஒரு பக்கமும் கனமான மாவுமணி ஒரு பக்கமும் போகும். நீரில் கரைத்துப் பிரிக்கும் முறையும் உண்டு. எப்படியானாலும் மாவுச்சத்து மலையாக மிஞ்சுகிறது. அது நூடுல்ஸ், சூப், பிஸ்கட்டுக்குள் வருகிறது. பாக்கெட்டில் ‘பட்டாணி’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து முழுப் பட்டாணியின் நன்மை இதிலும் இருக்கும் என்று வாங்கிவிடக் கூடாது. செல் சுவர் போன மாவுச்சத்து அது.

அந்த மிச்சத்துக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. அமைலோஸ் அதிகமான மாவுச்சத்து உறுதியான மெல்லிய படலமாகும். கிளிசரின் சேர்த்தால் வளையும், மக்கும் உறையாகப் பயன்படும். ஈரத்தை இழுப்பதுதான் அதன் குறை. நம் கடற்கரைக் காற்றில் அது நிற்குமா என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய மில் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. மாவுச்சத்து படலமாகி நூலைக் காப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கோரிக்கைகள் இவை. அந்தப் பட்டியலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உணவு அறிவியல் படிக்கும் மாணவர்களிடம் பேசி, புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் விற்கும் சுண்டலில் செரிக்காத மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து தரச் சொல்லுங்கள். சூடாக ஒன்று, ஆறியது ஒன்று, சோடா போட்டது ஒன்று என்று தனித்தனியாக அளக்கட்டும். முடிவு என் கருத்துக்கு எதிராக வந்தாலும் தயங்காமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.